மூட்டையில் குறைந்த நீலத்தும்பை

மூட்டையில் நீலத்தும்பை குறைந்திருந்தது.

கிரேன்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். கண்ணாடி மேல் குற்றமில்லை. வீட்டில் நான்கு பேரும் பாறைச்சரிவு முழுக்க அலைந்து பறித்துப் போட்ட இலை போன வாரம் குவியலாகக் கிடந்தது. இப்போது அடியில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இலைக்குக் கால் முளைக்காது. யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த மூட்டையைத் திறக்க முடிந்தவர்கள் இரண்டே பேர்: படைத்தலைவரான அவர், அப்புறம் மருமகள்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டியை, கீழே நிற்பவன் தலைமுடி அசையாமல் தரையில் உட்கார வைத்த கை அவருடையது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கை சும்மா இருக்க மாட்டாமல் வீட்டுக் குழாய்களையும் தாழ்ப்பாள்களையும் கழற்றிப் பூட்ட ஆரம்பித்தது. பூட்டிய குழாய்கள் ஒழுகின. பொறுக்க முடியாமல் மகன் ஒரு வீடியோ கேம் வாங்கி வந்து, "லீவர் மாதிரிதாம்பா, புடிச்சுப் பாருங்க" என்று கன்ட்ரோலரைக் கையில் திணித்தான். பிடித்தவர் விடவில்லை. வீட்டையே ஒரு படையாக்கிவிட்டார்.

அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு வேலை. அவர் கேடயம், எதிரியின் முதல் அடியை முன்னால் நின்று வாங்குகிறவர். மகன் வாள். மனைவி வில்; தூரத்திலிருந்து குறி தப்பாமல் அடிக்க அந்த அம்மாளுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை, அவருடன் குடும்பம் நடத்தியதே போதுமானதாக இருந்தது. மருமகள் ரசவாதி. வீட்டில் எல்லோரும் 'கலவைக்காரி' என்றார்கள்.

கலவைக்காரிக்கு வாள் கிடையாது, வில் கிடையாது. மற்றவர்கள் பொறுக்கி வரும் இலை, வேர், எலும்பு, ஓடு எல்லாம் அவள் சுமக்கும் மூட்டைக்குப் போகும். அதில் இதையும் அதையும் சேர்த்துக் குப்பிகள் செய்வாள். சண்டை மூண்டால் எல்லோருக்கும் பின்னால் நின்று, யாருக்கு எது வேண்டுமோ அதை அவர்கள் முதுகில் வீசுவாள். ஒரு குப்பி காயத்தை ஆற்றும். இன்னொன்று விழுந்தவனை எழுப்பும். மருமகளுக்கு இது கைவந்த வேலை. வெளியே அவள் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். யாராவது பழைய கதவிலிருந்து உரிந்த செதிலைக் கொண்டுவந்து "இந்தக் கலர் வேணும்" என்றால், டப்பாவில் சொட்டுச் சொட்டாக விட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள்.

கெட்டிக்காரிதான். கெட்டிக்காரி என்பதுதான் கிரேன்காரருக்கு உறுத்தியது.

ஏனென்றால் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்பின் பொதுக் கூடத்தில் ஆண்டுதோறும் குடும்பப் படைகளுக்குப் போட்டி நடக்கும். ஜெயித்த வீட்டின் கதவு எண்ணைப் பித்தளைத் தகட்டில் வெட்டிக் கூடத்து வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். இப்போது அங்கே மாட்டியிருந்தது அவர் வீட்டு எண். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். இந்தத் தடவை இறுதிச் சுற்றில் எதிரே நிற்கப்போகிறவர் அடுத்த கட்டடத்து பஸ் டிரைவர். அதாவது மருமகளின் கூடப்பிறந்த அண்ணன்.

பிறந்த வீட்டுப் பாசம் யாரை விட்டது? அவர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வந்த வீட்டு மூட்டையை அவிழ்த்துப் பிறந்த வீட்டில் கொட்டினால் அதற்கு வேறு பேர்.

அன்று பகல் சாப்பாட்டில் மெல்லத் தூண்டில் போட்டார்.

"நீலத்தும்பை கொஞ்சமாத்தான் இருக்கு போலிருக்கே."

மருமகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமா மாமா. செலவாயிடுச்சு."

"எதுக்கு?"

"தேவைக்குத்தான்."

"நமக்கு யாருக்கும் அதுல ஒரு குப்பியும் வந்த மாதிரி தெரியலையே. எனக்குச் செவப்புக் குப்பி வரும், காயத்துக்கு. இவனுக்கு மஞ்சக் குப்பி, வேகத்துக்கு. நீலத்தும்பையில என்ன வருது?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். கிரேன்காரரின் மனைவி, "சாப்பிடும்போது இலை தழை பேச்சு எதுக்குங்க? ஆறிப்போகுது" என்றாள்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேச்சை மூடினால் அதற்குள் ஏதோ இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு காணாமல் போன நாட்களில் இப்படித்தான் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மறுநாளிலிருந்து அவருக்குக் கண் எல்லாம் மருமகள் மேல்தான். அவள் மாடியில் துணி காயப்போடப் போனால், இவருக்கும் மாடியில் ஏதோ வேலை வந்துவிடும். ஒருநாள் அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். "போதும்ணா, அதிகமா வேணாம், சந்தேகம் வந்துடும்" என்றது காதில் தெளிவாக விழுந்தது. இவர் நிழலைக் கண்டதும், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாரும்மா?"

"அண்ணன்தான் மாமா. சும்மா."

சும்மாவாம். சும்மா பேசுகிறவள் எதற்குப் பாதியில் வைக்க வேண்டும்?

மாடிப்படி ஏறும்போது மகனிடம் கேட்டுவிடலாம் என்று பார்த்தார். லிஃப்ட் கெட்டுப்போன அந்தக் கட்டடத்தில் அவர்கள் வீடு உச்சி மாடி. மகன் பல் செட் செய்யும் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று போனை எடுத்துக்கொள்வான். "ஒரு மெசேஜ் வந்திருக்குப்பா, ஒரு நிமிஷம்." இந்த வயதில் நாலு படி ஏறுவதற்குள் நிற்கிறானே என்று கிரேன்காரருக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்குவது அவருக்குச் சுகமாகவும் இருக்கும்.

"டேய், உம் பொண்டாட்டி மூட்டையைக் கவனிச்சியா?"

"என்னப்பா மூட்டை? ஆட்டத்துக்குத்தானே?"

"ஆட்டமா? வாசல்ல தொங்குறது நம்ம வீட்டு நம்பர்டா."

மகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ அப்படிப்பட்டவ இல்லப்பா" என்றான். 

அன்றைய பயிற்சியில் இரும்புக்கடாவை எதிர்த்தார்கள். போட்டியிலும் அதேதான் எதிரி; எந்தப் படை அதைச் சீக்கிரம் சாய்க்கிறதோ அதற்கு ஜெயம். தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்து முட்டும். முட்டுகிற அதே நொடியில் கேடயம் தூக்கினால் கடா திகைத்து நிற்கும், மற்றவர்கள் அடிக்கலாம். பிந்தினால் கேடயக்காரன் பறந்து போய் விழுவான். கிரேன்காரர் ஒரு முறையும் விழவில்லை. சண்டை தொடங்கியதுமே அவர் கேடயத்தின் விளிம்பில் வழக்கம்போல் மெல்லிய பச்சை ஒளி ஓடியது.

"பாத்தீங்களா?" என்றார், வழக்கம்போல். "இந்தப் பச்சை எல்லாருக்கும் வராது. உங்கள்ல ஒருத்தருக்காவது வருதா? நாள்பட்ட கைக்கு ஆட்டமே குடுக்குற மரியாதை."

மனைவிக்கு இருமல் வந்தது. அந்தப் பச்சை ஒளி வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி அவர் கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் மூட்டையைத் திறந்தார். நீலத்தும்பை இன்னும் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் திறந்தார். கொஞ்சம் கூடியிருந்தது! பாறைச்சரிவுக்கு யாரும் போகவில்லை. குறைவதும் கூடுவதுமாக இருந்தால் அது கணக்கை மறைக்கிற வேலை என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

போட்டிக்கு முந்தின நாள் பஸ் டிரைவர், வாங்கிப் போன ட்ரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வந்தவரை உட்காரச் சொன்னார்கள். அவரும் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, "என்ன மாமா, நாளைக்குத் தகட்டைக் கழட்ட ஸ்குரூ டிரைவர் கொண்டு வரட்டுமா?" என்றார். வேறு நாளாக இருந்தால் கிரேன்காரரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

"தகட்டைக் கழட்டுறதுக்கு ஸ்குரூ டிரைவர் எதுக்கு தம்பி? வீட்டுக்குள்ளயே ஆள் வச்சிருக்கீங்களே."

டிரைவரின் சிரிப்பு அப்படியே நின்றது. "புரியல மாமா."

"எங்க மூட்டையில இலை போகுது. எங்க போகுதுன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க. இல்ல, உங்க மூட்டையைத் திறந்து பாருங்க."

சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். கையில் காபித் தட்டு. தட்டு ஆடவில்லை, முகம்தான் வெளுத்துவிட்டது. டிரைவர் எழுந்தார். வாயைத் திறந்தார். "மாமா, எதைப் பத்திப் பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? அந்த இலை..."

"அண்ணா," என்றாள் மருமகள். "வேணாம்."

"என்ன வேணாம்? உன்னைத் திருடிங்கறார், கேட்டுட்டு..."

"நீ கெளம்பு. எனக்காக."

டிரைவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மருமகள் தட்டை மேசையில் வைத்தாள். "நாளைக்கு நான் ஆடல மாமா. மூட்டையை நீங்களே வச்சுக்குங்க" என்று உள்ளே போனாள். மகனும் பின்னாலேயே போனான். கிரேன்காரரின் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அது வில்லில்லாமல் விட்ட அம்பு.

"உங்களுக்குத் திருப்திதானே?" என்றாள்.

திருப்தி இல்லை. பிடிபட்டவன் கத்துவான், சத்தியம் செய்வான், அழுவான். இவள் ஒன்றும் செய்யவில்லை. அதுவே அவரை அரித்தது. முழு ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். அந்த இலையால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும்.

மறுநாள் காலையில், வீடு பேச்சில்லாமல் கிடந்தபோது, அவர் ஆட்டத்தில் தமக்கென ஒரு புது ரசவாதியை உண்டாக்கினார். தலைவர் என்ற உரிமையில் மூட்டையிலிருந்து மிச்ச நீலத்தும்பையை எடுத்துக்கொண்டார். கலக்க ஆரம்பித்தார்.

நீலத்தும்பையும் வேரும் சேர்த்தார். புகை வந்தது, இலை போயிற்று. நீலத்தும்பையும் எலும்பும் சேர்த்தார். குமிழி குமிழியாகச் சோப்பு நுரை வந்தது. காளானோடு சேர்த்ததில் ஆட்டத்துக்குள்ளிருந்த அவருடைய ஆள் தும்மிக்கொண்டே இருந்தான். கடைசியாக மிஞ்சியது ஒரே ஓர் இலை. மூட்டையில் இருந்த பொருட்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தபோது நத்தை ஓடு கண்ணில் பட்டது. ஆற்றங்கரையில் கிடக்கும் குப்பை அது. "நத்தை ஓடு கெடச்சா விடாதீங்க மாமா, எனக்கு வேணும்" என்று மருமகள் எப்போதும் சொல்வாள். இவரும் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுப்பார்.

சேர்த்தார். சின்னதாகப் பச்சைக் குப்பி ஒன்று வந்தது.

ஆட்டத்தின் ஊர்த்திடலில் யாரோ முகம் தெரியாத ஒரு கேடயக்காரன் பயிற்சி செய்துகொண்டிருந்தான். கிரேன்காரர் குப்பியை அவன் முதுகில் வீசினார். அவன் கேடயத்தின் விளிம்பில் மெல்லிய பச்சை ஒளி ஓடியது.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அதே பச்சை.

முகம் தெரியாதவன் எழுதினான்: "நன்றிங்க. ஆனா எனக்கு இது வேணாம், என் கை நல்லாத்தான் இருக்கு. இது கை பிந்துறவங்களுக்குப் போடறது. கேடயம் தானா கொஞ்சம் முன்னாடியே எழும்."

கிரேன்காரர் நம்பவில்லை. ஆட்டத்தில் பேசுகிறவன் ஆயிரம் பேசுவான். தம்முடைய பழைய கேடயக்காரனை எடுத்துக்கொண்டு, குப்பியில்லாமல், தனியாக இரும்புக்கடாவின் முன்னால் போய் நின்றார். கடா ஓடி வந்தது. தூக்கினார். பறந்து போய் விழுந்தார். கன்ட்ரோலரில் பேட்டரி போயிருக்கும் என்று பேட்டரியை மாற்றினார். விழுந்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டார். விழுந்தார். கடா தலையைத் தாழ்த்துவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. எப்போது தூக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கட்டை விரல்தான் அந்தச் செய்தி வந்து சேரும்வரை காத்திருந்தது.

கையை விரித்துப் பார்த்தார். ஒழுகிய குழாய்கள் நினைவுக்கு வந்தன.

எத்தனை பேரிடம் அந்தப் பச்சையைப் பற்றிப் பேசினோம்! அவர்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நேற்றுத் திருடி என்ற பிறகும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அண்ணன் எதிரிலேயே அவர் தலை கவிழ்ந்திருக்கும். அந்த வீட்டின் மானத்தைத் தாம்தான் காவல் காப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் மகன் அறைக் கதவைத் தட்டினார். மருமகள் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கூடத்துக்கு வாம்மா," என்றார்.

"நான் ஆடல மாமா."

"ஆடறது அப்புறம். நான் பேசணும். நேத்து எந்தக் காதுல விழுந்துச்சோ அந்தக் காதும் கேக்கணும். வா."

பொதுக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்னால் பெரிய திரை. பஸ் டிரைவரின் படை ஏற்கெனவே ஆடி முடித்திருந்தது. குறைந்த நேரத்திலேயே கடாவைச் சாய்த்திருந்தார்கள். டிரைவர் கிரேன்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிரேன்காரர் நேராக அவர் முன்னால் போய் நின்றார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அதை வளைக்க அவருக்குத் தெரியாது. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"தம்பி, உங்க தங்கச்சி எங்க இலையை எடுத்தது என் கைக்காக. என் கை பிந்துது. அதுக்கு மருந்து போட்டிருக்கா, ஒரு வருஷமா. எனக்கே தெரியாம. நான் சொன்னது தப்பு."

டிரைவர் மெல்லத் திரும்பினார்.

"இன்னொண்ணு," என்றார் கிரேன்காரர். இதைச் சொல்லத்தான் சிரமமாக இருந்தது. "மிச்சம் இருந்த இலையை நான் கலக்கறேன்னு பாழாக்கிட்டேன். ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருந்தா... ஒண்ணு குடுங்க."

"ஒண்ணு என்ன மாமா," என்றார் டிரைவர். "மூணு மாசமா நாங்கதானே அனுப்பிட்டு..."

"அண்ணா!"

"சரி, சரி. வாயை மூடிக்கிட்டேன்."

கிரேன்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அப்படியானால் காலையில் கூடியிருந்த இலை அங்கிருந்து வந்தது. எதிர்ப் படை போட்ட இலையில்தான் அவர் நிமிர்ந்து நின்றிருக்கிறார். இதையும் விழுங்கிக்கொண்டார்.

"எத்தனை பேருக்கும்மா இது தெரியும்?"

"நம்ம வீடு, எங்க வீடு. அவ்வளவுதான் மாமா."

"இப்ப கூடம் முழுக்கத் தெரியும்," என்றாள் மனைவி. "உக்காருங்க, கடா காத்துக்கிட்டிருக்கு."

உட்கார்ந்தார்கள். டிரைவர் தம் மூட்டையிலிருந்து இலையை அனுப்பினார். கடா தலையைத் தாழ்த்தியது. மருமகள் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியுமே என்ற தயக்கம் அது என்று அவருக்குப் புரிந்தது.

"போடும்மா. நல்லாத் தெரியற மாதிரி போடு."

போட்டாள். பச்சை விளிம்போடு கேடயம் எழுந்தது. கடா திகைத்து நின்றது. மகன் பாய்ந்தான். மனைவியின் அம்புகள் ஒன்று விடாமல் போய்த் தைத்தன. கடா விழுந்தது, ஆனால் டிரைவர் வீட்டார் எடுத்த நேரத்தைவிடச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு விழுந்தது.

தகட்டைக் கழற்றும்போது கிரேன்காரர்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஆறுதல் சொல்ல வந்தார்கள். "சம்பந்தி வீட்டுக்குத்தானே போகுது," என்றார் அவர். "வெளியில எங்கயும் போயிடலையே."

வீட்டுக்குத் திரும்பும்போது பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் மகன் நின்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"ஒரு மெசேஜ்ப்பா. ஒரு நிமிஷம்."

கிரேன்காரர் கைப்பிடியில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது. மகன் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கழுத்தை நீட்டி, எட்டிப் பார்த்தார்.

போனின் திரை இருட்டாக இருந்தது.

அவர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். கேட்க வாய் வரை வந்தது. மேலே மருமகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மெதுவாப் படிச்சுட்டு வாடா," என்றார். "நான் நிக்கறேன்."